கலிபெக் குவானிஷ்பாயெவ்: சந்தைத் திடலிலிருந்து வந்த நடிகர் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கஜாக் மொழி நாடகத்தைப் பற்றி எங்கே படித்தாலும் "முதல் தலைமுறை" என்று ஒரு சொல் வரும். 1926இல் மேடையேறிய ஒரு சின்னக் கூட்டத்தை அப்படிச் சொல்கிறார்கள். அதில் என்னை அதிகம் இழுத்தவர் கலிபெக் குவானிஷ்பாயெவ். நாடகத்தில் ஆர்வமுள்ள நண்பர்களிடம் இவரைப் பற்றிச் சொல்லும்போதெல்லாம் ஏறக்குறைய ஒரே மாதிரிக் கேள்விகள்தான் வரும். அவற்றையும் என் பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

முதலில், யார் இவர்? சுருக்கமாகச் சொல்லுங்கள்.

1893 ஏப்ரலில், இன்றைய கஜகஸ்தானின் நடுப்பகுதியில் உள்ள கர்கராலி வட்டாரத்தில் பிறந்தவர். இளமையில் சந்தையில் பாடியும் ஆடியும், ஆட்களைப் போலப் பேசிக் காட்டியும் கூட்டம் சேர்த்தவர். கஜாக் மொழியின் முதல் தொழில்முறை நாடக அரங்கு 1926 ஜனவரியில் திறந்தபோது அதைத் தொடங்கிய நடிகர்களில் ஒருவர். அப்போது வயது 32. கவிஞர் அபாயாக மேடையிலும் திரையிலும் நடித்தது அவருடைய பெரிய பெயர். 1968 மே மாதம் அல்மா-அதாவில் (இன்றைய அல்மாத்தி) காலமானார்.

பெயரின் நடுவில் வரும் "ப"வைச் சில இடங்களில் கடினமாகவும் (ஆங்கில p போல) சில இடங்களில் மென்மையாகவும் (ஆங்கில b போல) எழுதுகிறார்களே. எது சரி?

இரண்டும் ஒரே ஆள்தான். கஜாக் எழுத்துமுறையில் அந்த இடத்தில் மெல்லொலி "ப" வரும். ஆனால் பேச்சில் "ஷ்" என்ற வல்லொலிக்குப் பின்னால் அது கடினப்பட்டுவிடும். ரஷ்ய ஆவணங்கள் காதில் விழுந்தபடி எழுதின, கஜாக் ஆவணங்கள் சொல்லின் வேரைப் பார்த்து எழுதின. தமிழ் எழுத்தில் இந்தத் தொல்லையே இல்லை, ஒரே "ப" இரண்டுக்கும் போதும். "குவானிஷ்" என்றால் மகிழ்ச்சி. சந்தையில் ஊரைச் சிரிக்க வைத்தவருக்கு அப்பன்வழி வந்த பெயர் அது.

நாடக உலகில் அவரைப் பெரும்பாலும் "கல்லெகி" என்றுதான் சொல்வார்கள். கஜாக் மக்கள் பெரியவர்களை முழுப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. பெயரின் முதல் அசையை எடுத்து, அதோடு மரியாதை விகுதி ஒன்றைச் சேர்ப்பார்கள். எழுத்தாளர் முக்தார் அவுயெஸோவ் அவர்களுக்கு "முகாங்". நம் நடிகர் "கல்லெகி".

கஜாக் மக்கள் மேய்ச்சல் நாடோடிகள்தானே. 1926க்கு முன்பு அவர்களிடம் நாடகமே கிடையாதா?

மேடை கிடையாது, திரைச்சீலை கிடையாது, டிக்கெட் கிடையாது. நடிப்பு இருந்தது. இந்த வேறுபாட்டைப் பிடிக்காமல் கலிபெக்கைப் புரிந்துகொள்ள முடியாது.

அய்திஸ் என்ற கவிப்போட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு கவிஞர்கள் எதிரெதிரே உட்கார்ந்து, இரண்டு தந்தி கொண்ட தோம்ப்ராவை மீட்டிக்கொண்டு, அந்த நிமிடத்தில் கட்டிய பாட்டாலேயே மாறி மாறித் தாக்குவார்கள். குலப் பெருமை, எதிராளியின் மூக்கு, அவன் குதிரை, அவன் கஞ்சத்தனம் எல்லாம் பாட்டில் வரும். சுற்றி இருக்கும் கூட்டம்தான் நீதிபதி. பதில் ஒரு மூச்சு தாமதித்தால் தோல்வி. 1871இல் பிர்ஜான் சால் என்ற பாடகரும் சாரா என்ற பெண்ணும் மோதிய அய்திஸ் இன்றும் பேசப்படுகிறது. அதை வசனமும் எதிர்வசனமும் உள்ள நாடகம் என்று சொல்லாமல் வேறென்ன சொல்வது?

அப்புறம் "சால்", "செரி" என்ற ஊர்சுற்றிக் கலைஞர்கள். பகட்டான உடை, நல்ல குதிரை, கூடவே ஒரு பரிவாரம். கிராமத்துக்குள் நுழைவதே ஒரு காட்சியாக இருக்கும். திருமணத்தில் மணப்பெண்ணின் முகத்திரையை விலக்கும்போது பாடும் பாட்டு ஒரு வேடிக்கை நாடகம். புகுந்த வீட்டு ஆட்கள் ஒவ்வொருவரையும் கிண்டலோடு அறிமுகப்படுத்தும். "ஒர்தெகெ" என்று ஒரு பொம்மை உண்டு. மரத்தில் செய்த மலையாடு. தோம்ப்ரா வாசிப்பவரின் விரலில் நூலைக் கட்டிவிடுவார்கள், விரல் தந்தியைத் தட்டத் தட்ட ஆடு துள்ளும். ஒரே மனிதர் இசைக்காரரும் பொம்மலாட்டக்காரரும்.

ஐரோப்பிய அர்த்தத்தில் எழுதப்பட்ட நாடகம் என்று பார்த்தால் கணக்கு 1917இல் தொடங்குகிறது. இருபது வயது மாணவராக இருந்த அவுயெஸோவ், தம் ஊர்ப்பக்கம் மக்கள் வாயில் இருந்த ஒரு காதல் கதையை "எங்லிக்–கெபெக்" என்ற நாடகமாக எழுதினார். பகைக் குலங்களைச் சேர்ந்த இருவர் காதலித்து, குல நீதிபதிகளின் தீர்ப்பால் கொல்லப்படும் கதை. அந்த ஆண்டு ஓய்குதிக் என்ற மேய்ச்சல் நிலத்தில், கம்பளிக் கூடாரங்களையே அரங்காக்கி அதை நடித்துக் காட்டினார்கள். கஜாக் நாடக வரலாறு எழுதுபவர்கள் அந்தக் கூடாரத்திலிருந்துதான் தொடங்குவார்கள். நான் கோயாந்திச் சந்தையிலிருந்து தொடங்குவேன்.

அது என்ன கோயாந்திச் சந்தை?

கர்கராலி நகரத்திலிருந்து ஐம்பது கிலோமீட்டர் சொச்சம் தொலைவில் ஒரு புல்வெளி. "கோயன்" என்றால் முயல். முயல் திரியும் இடம் என்று பெயர். 1848இல் வர்னாவா போதோவ் என்ற ரஷ்ய வியாபாரி அங்கே சரக்கு இறக்கி மக்களோடு பண்டமாற்று செய்ததில் தொடங்கியது. குளிர்காலம் முடிந்து மந்தைகள் கோடை மேய்ச்சலுக்கு நகரும் பாதையில் அந்த இடம் இருந்தது என்பதுதான் அதன் அதிர்ஷ்டம். ஆண்டுக்கு ஒருமுறை, மே நடுவிலிருந்து ஜூன் நடுவரை ஒரு மாதம். ஆடு, குதிரை, மாடு, ஒட்டகம், தோல், கம்பளி ஒரு பக்கம். துணி, தேயிலை, சர்க்கரை, இரும்புச் சாமான் மறுபக்கம். ரஷ்யர், தாத்தாரியர், நடு ஆசிய நகரங்களின் வணிகர், சீன வணிகர் எல்லோரும் வருவார்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்த ஒரு மாதத்துக்கென்றே தபால், தந்தி, வங்கி எல்லாம் அங்கே இயங்கின. ஜூன் முடிந்தால் மறுபடியும் வெறும் புல்.

பணமும் கூட்டமும் இருக்கும் இடத்துக்குக் கலைஞன் வராமல் இருப்பானா? நாட்டின் பெரிய பாடகர்களும் கவிஞர்களும் அங்கே வந்தார்கள். உலகப் புகழ்பெற்ற மல்லர் கஜிமுகான் வந்தார். அம்ரெ கஷவுபாயெவ் பாடினார். பவ்லதார் பக்கத்திலிருந்து மயிரா என்ற பெண் துருத்திப் பெட்டியோடு வந்து பாடினார். கவிஞர் ஷாஷுபாய் பாட்டோடு சர்க்கஸ் வித்தையும் கலந்து காட்டுவார்.

சோவியத் அரசு மந்தைகளைப் பறித்து மக்களைக் கூட்டுப் பண்ணைகளில் சேர்த்தபோது சந்தைக்கு வேலை இல்லாமல் போயிற்று. 1930இல் மூடப்பட்டது. அதை அடுத்து வந்த பஞ்சத்தில் கஜகஸ்தானில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். கோயாந்தியில் சிரித்த எத்தனை பேர் அதில் போனார்கள் என்று யார் எண்ணினார்கள்?

அங்கே கலிபெக் என்ன செய்வார்?

எல்லாம். பாட்டு, ஆட்டம், கதை சொல்லுதல், இட்டுக்கட்டிக் கவி பாடுதல், குறிப்பாக ஆட்களைப் போல நடித்துக் காட்டுதல். கஜாக் மொழியில் "கு" என்று ஒரு சொல் உண்டு. தந்திரக்காரன், வாய்த்துடுக்குக்காரன், கோமாளி என்ற மூன்றும் கலந்தது. மிரட்டும் அதிகாரியையும் பேரம் பேசும் வியாபாரியையும் அவர்கள் கண்முன்னாலேயே நடித்துக் காட்டிவிட்டு அடி வாங்காமல் தப்புகிறவன்தான் நல்ல "கு".

திறந்த வெளிச் சந்தை நடிகனுக்கு என்ன கற்றுக்கொடுக்கும் என்று யோசித்துப் பாருங்கள். சுவர் இல்லை, அதனால் குரல் போய்ச் சேர வேண்டும். நாற்காலி இல்லை, அதனால் போரடித்தால் கூட்டம் நகர்ந்துவிடும். பக்கத்தில் குதிரை ஏலம் நடக்கிறது, அதைவிடச் சுவையாக எதையாவது செய்தாக வேண்டும். ஒட்டகம் கத்தினால் அதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். எழுதிவைத்த வசனம் இங்கே ஒரு நாள் தாங்காது.

நடிப்புப் பள்ளி எதிலும் படித்தாரா?

இல்லை. அவர் தலைமுறையில் யாருமே படிக்கவில்லை; படிக்கப் பள்ளி இல்லை. 1930களில்தான் இளைஞர்கள் லெனின்கிராதுக்கும் மாஸ்கோவுக்கும் படிக்கப் போனார்கள். பின்னாளில் பெரும் புகழ் பெற்ற நடிகை கதிஷா பொகெயெவா லெனின்கிராதில் படித்து வந்தவர். இயக்குநர் அஸ்கர் தொக்பானொவ் மாஸ்கோவில் படித்தவர். படித்தவர்கள் திரும்பி வந்தபோது அல்மா-அதா அரங்கில் அவர்களுக்காகக் காத்திருந்தது சந்தையில் படித்த கலிபெக்கும் கூட்டாளிகளும். அந்தச் சந்திப்பில்தான் கஜாக் மேடையின் தனிச்சுவை பிறந்தது என்பது என் கருத்து.

முதல் அரங்கு எப்படித் தொடங்கியது?

1925இல் இரண்டு காரியங்கள் நடந்தன. ஜார் காலத்திலிருந்தே ரஷ்யர்கள் கஜாக் மக்களை "கிர்கிஸ்" என்று தவறாக அழைத்து வந்தார்கள். அந்த ஆண்டு குடியரசுக்கு அவர்களுடைய சொந்தப் பெயர் திரும்பக் கிடைத்தது. தலைநகரமும் ஒரென்பர்கிலிருந்து தெற்கே சிர்தரியா ஆற்றங்கரைக்கு மாறியது. அக்-மெச்செத் என்று இருந்த அந்த ஊருக்குக் கிஸில்-ஒர்தா என்று புதுப்பெயர் வைத்தார்கள். புதுத் தலைநகரத்துக்கு ஓர் அரங்கு வேண்டும் என்று முடிவாயிற்று. நாட்டின் பல மூலைகளிலிருந்தும் பேர்பெற்ற கலைஞர்களைக் கூப்பிட்டுச் சேர்த்தார்கள். நிர்வாகத்தைத் தின்ஷே அதிலோவ் பார்த்தார். கலைப் பொறுப்பு ஜுமாத் ஷானின் கையில். அரங்கு 1926 ஜனவரி 13 அன்று திறந்தது.

தொடக்க கால நிகழ்ச்சிகளை இன்று நாம் நினைக்கிற நாடகம் போலக் கற்பனை செய்ய வேண்டாம். நாடகத்திலிருந்து சில காட்சிகள், அப்புறம் கச்சேரி, பாட்டு, ஆட்டம், நகைச்சுவை. பாதி நாடகம், பாதி கோயாந்தி. பார்வையாளர்களுக்கும் அதுதான் பழக்கம். கலிபெக் போன்றவர்கள் இல்லாமல் அந்த முதல் சில ஆண்டுகளில் ஆட்களை உள்ளே உட்கார வைத்திருக்க முடியுமா என்பது சந்தேகம்தான்.

தலைநகரம் அல்மா-அதாவுக்கு மாறிய சமயத்தில் அரங்கும் அங்கே போயிற்று. 1937இல் "அகாதெமி" என்ற மதிப்புத் தகுதியை அரசிடம் பெற்றது. 1961இல் அவுயெஸோவ் இறந்த பிறகு அவர் பெயர் சூட்டப்பட்டது.

அவரோடு தொடங்கிய மற்றவர்கள் யார்?

செர்கெ கொஜம்குலோவ், எலுபாய் ஓமிர்ஸாகோவ், குர்மன்பெக் ஜந்தர்பெகோவ், கபான் பதிரோவ், கவிஞர் ஈஸா பாய்ஸாகோவ் என்று பட்டியல் போகும். இதில் இருவரைப் பற்றி மட்டும் கொஞ்சம் சொல்கிறேன்.

எலுபாய் 1938இல் எடுக்கப்பட்ட "அமங்கெல்தி" படத்தில் கதாநாயகன். ஜார் ஆட்சிக்கு எதிரான 1916 கிளர்ச்சியின் தலைவர் பற்றிய அந்தப் படத்தைத்தான் கஜாக் சினிமாவின் தொடக்கமாகச் சொல்வார்கள். லெனின்கிராத் ஸ்டூடியோ எடுத்தது. நடிகர்கள் இந்த அரங்கின் ஆட்கள். கலிபெக்கும் அதில் உண்டு.

மற்றவர் அம்ரெ கஷவுபாயெவ். கோயாந்தியில் பாடிய அதே அம்ரெதான். 1925இல் பாரிஸில் நடந்த உலக அலங்காரக் கலைக் கண்காட்சியை ஒட்டிய கச்சேரிகளில் பாடி வெள்ளிப் பதக்கம் வாங்கினார். அந்தக் குரலை அங்கே ஒலிப்பதிவும் செய்தார்கள். திரும்பி வந்து கிஸில்-ஒர்தா குழுவில் சேர்ந்தார். ஐரோப்பா கேட்ட பாடகர் ஒருவர், சிர்தரியா ஓரத்துச் சிற்றூரில் புதுசாகத் தொடங்கிய நாடகக் குழுவில் மாதச் சம்பளக்காரர்! 1934இல் இறந்துபோனார்.

பெண் வேடங்களை யார் போட்டார்கள்?

1917 கூடார நாடகத்தில் நாயகி எங்லிக்காக நடித்தவர் ஓர் ஆண். பெண்கள் அய்திஸில் பாடலாம், ஊரறிய ஆண் கவிஞனை மடக்கலாம், அதில் தடை இல்லை. ஆனால் வேறொருத்தியாக வேடமிட்டு, அந்நிய ஆணின் மனைவியாகவோ காதலியாகவோ நடிப்பது வேறு விஷயம். முதல் நடிகைகள் சமாளித்த ஏச்சும் பேச்சும் ஆண் நடிகர்களுக்கு வரவே இல்லை. 1930இல் இந்த அரங்கில் சேர்ந்த குலியாஷ் பாய்ஸெயித்தொவா அப்படி வந்தவர்தான். 1934இல் இசை நாடகம் தனி அரங்காகப் பிரிந்தபோது அங்கே போய் ஓபரா பாடகியானார். 1936 மே மாதம் மாஸ்கோவில் நடந்த கஜாக் கலை விழாவில் "கிஸ் ஜிபெக்" என்ற இசை நாடகத்தில் பாடி, 24 வயதிலேயே சோவியத் ஒன்றியத்தின் மக்கள் கலைஞர் ஆனார். கலிபெக்குக்கு அதே பட்டம் கிடைக்க 1959 ஆயிற்று.

ஜுமாத் ஷானினுக்கு என்ன ஆயிற்று? அவரைப் பற்றி அதிகம் பேச்சே இல்லையே.

கஜாக் மேடையின் முதல் இயக்குநர் என்றால் அவர்தான். நாடகமும் எழுதினார், நடிக்கவும் செய்தார், ஆட்களைத் தேடிப் பிடித்துச் சேர்த்ததும் அவரே. 1931இல் குடியரசின் மக்கள் கலைஞர். 1938இல் சுட்டுக் கொன்றார்கள். நிர்வாகி தின்ஷே அதிலோவை அதற்கு முன்பே, 1930இல் சுட்டாயிற்று. "அமங்கெல்தி" திரைக்கதை எழுதிய மூவரில் ஒருவரான பெய்ம்பெத் மாய்லின் 1938இல் கொல்லப்பட்டார். அவுயெஸோவே 1930இல் கைதாகி, தம் "பிழைகளை" ஒப்புக்கொண்டு கடிதம் எழுதிய பிறகுதான் 1932இல் வெளியே வந்தார்.

இதை நினைவில் வைத்துக்கொண்டு அந்த நடிகர்களின் வாழ்க்கையைப் பாருங்கள். காலையில் ஒத்திகை நடத்தியவர் ஒருநாள் இல்லை. அவர் எழுதிய நாடகம் பட்டியலிலிருந்து போய்விடும், அவர் பெயரை யாரும் சொல்லக் கூடாது. மற்றவர்கள் சாயங்காலம் ஒப்பனை போட்டுக்கொண்டு மேடை ஏற வேண்டும். ஷானின் பெயர் பின்னால் மீட்கப்பட்டது, ஷிம்கெந்த் நகர அரங்கு இன்று அவர் பெயரில்தான் இருக்கிறது. ஆனாலும் நடுவில் போன ஆண்டுகளில் அவரைப் பற்றிய நினைவுகள் பலவும் அழிந்துபோயின. பேச்சே இல்லாததற்குக் காரணம் இதுதான்.

அபாய் வேடம் ஏன் அவ்வளவு பெரிய விஷயம்?

அபாய் குனன்பாயுலி, 1845–1904. இயற்பெயர் இப்ராஹிம். கஜாக் எழுத்திலக்கியம் அவரிடமிருந்துதான் தொடங்குகிறது. கவிதை எழுதினார், மெட்டமைத்தார், புஷ்கினையும் லெர்மொந்தவையும் கஜாக் மொழிக்குக் கொண்டுவந்தார், தம் மக்களின் சோம்பலையும் பொறாமையையும் உரைநடையில் கடுமையாகத் திட்டினார். நல்ல புத்தி சொல்லும்போது "அபாய் சொன்னார்" என்று தொடங்குவது அங்கே வழக்கம்.

அவரைப் பற்றி அவுயெஸோவும் ரஷ்ய எழுத்தாளர் லெயனித் சோபலெவும் சேர்ந்து "அபாய்" என்ற சோக நாடகம் எழுதினார்கள். 1940இல் அஸ்கர் தொக்பானொவ் இயக்கத்தில் மேடையேறியது. பழைய வழக்கத்தை மீறிக் காதலித்த இளைஞர்களைக் குல நீதிமன்றத்தின் தண்டனையிலிருந்து அபாய் காக்கப் பார்க்கிறார். அவரிடம் பயின்ற இளங்கவிஞன் பொறாமைக்குப் பலியாகிறான். அபாயாகக் கலிபெக். வயது 47.

இதில் உள்ள சங்கடத்தைக் கவனியுங்கள். அபாய் இறந்து 36 ஆண்டுதான் ஆகியிருந்தது. அவரை நேரில் பார்த்தவர்கள் உயிரோடு இருந்தார்கள். நாடகம் எழுதிய அவுயெஸோவே சிறுபிள்ளையாக அவரைப் பார்த்தவர், அவர் தாத்தா அபாயின் நண்பர். புகைப்படமும் உண்டு. கூட்டத்தில் பாதிப் பேருக்கு அவர் பாட்டு மனப்பாடம். கட்டுக்கதை ராஜாவாக நடிப்பது எளிது, பக்கத்து ஊர்ப் பெரியவராக நடிப்பதுதான் கஷ்டம்.

இன்னொன்று. அபாயின் தந்தை குனன்பாய், கர்கராலி வட்டாரத்தின் தலைமை சுல்தானாக இருந்தவர். அவர் கட்டிய மசூதி கர்கராலியில் இன்றும் நிற்கிறது. கலிபெக் பிறந்தது அந்த வட்டாரத்தில்தான். அபாய் குடும்பத்தின் கதைகள் அவருக்குப் புத்தகத்திலிருந்து வரவேண்டிய அவசியம் இருந்திருக்காது.

சரி, கோமாளிக்குப் போய் ஏன் இந்த வேடம் என்று கேட்பவர்கள் உண்டு. நான் திருப்பிக் கேட்பேன்: வேறு யாருக்குக் கொடுப்பது? அபாய் இந்த நாடகத்தில் வாளேந்தவில்லை. பேசுகிறார், கேட்கிறார், மடக்குகிறார். குல நீதிபதிகள் முன் பழமொழிக்குப் பழமொழி வைத்து வழக்காடுகிறார். அந்த வகைப் பேச்சு உயிரோடு இருந்த கூட்டங்களுக்கு நடுவில் வளர்ந்தவர் கலிபெக். எதிராளி பாடும்போது வாய்மூடிக் கேட்பதும், எப்போது திறப்பது என்று தெரிவதும் அய்திஸ் தரும் பயிற்சி. சிரிக்க வைக்கத் தெரிந்தவனுக்குத்தான் அமைதியின் நீளம் தெரியும்.

அதே வேடம்தானா திரைப்படத்திலும்?

ஆமாம். "அபாயின் பாடல்கள்", 1945. இயக்கம் கிரிகோரி ரொஷால், எஃபிம் அரோன். போர்க்காலத்தில் மாஸ்கோ, லெனின்கிராத் ஸ்டூடியோக்களை அல்மா-அதாவுக்கு இடம்பெயர்த்திருந்தார்கள். ஐசென்ஸ்டைன் "கொடிய இவான்" படத்தை எடுத்ததும் அந்த ஊரில்தான். நாட்டின் சிறந்த ஒளிப்பதிவாளர்களும் இயக்குநர்களும் ஒரே நகரத்தில் குவிந்திருந்த அந்த வினோதமான சூழலின் தொடர்ச்சிதான் இந்தப் படம். திரைக்கதையில் அவுயெஸோவ் கையும் உண்டு. பொறாமைக்காரன் ஷாரிப்பாக வந்தவர் ஷாகென் அய்மானொவ். அவர் பின்னாளில் பெரிய திரை இயக்குநராகி, நாட்டின் திரைப்பட நிறுவனத்துக்கே தம் பெயர் வைக்கும் அளவுக்கு உயர்ந்தவர்.

அபாய் தவிர வேறு என்ன வேடங்கள்?

எனக்குப் பிடித்தது கராபாய். "கோஸி கோர்பெஷ் – பயான் சுலு" என்ற பழங்காதல் கதையை கபித் முஸ்ரெபொவ் நாடகமாக்கினார். இரண்டு நண்பர்கள், பிறக்கப்போகும் தங்கள் பிள்ளைகளுக்குத் திருமணம் என்று வாக்குக் கொடுத்துக்கொள்கிறார்கள். ஒருவர் இறந்துபோக, மற்றவரான கராபாய், அப்பனில்லாப் பையனுக்கு மகளைக் கொடுக்க மனமில்லாமல் மந்தையை ஓட்டிக்கொண்டு இரவோடிரவாக நகர்ந்துவிடுகிறார். கதையின்படி அவரிடம் தொண்ணூறாயிரம் குதிரைகள். ஒரு குட்டியைக் கூட அடித்துச் சாப்பிட மனம் வராத கஞ்சன். வெறும் வில்லனாகவும் ஆடலாம், வெறும் சிரிப்பாகவும் ஆடலாம். கஞ்சத்தனமே ஒரு நோய் போல மனிதனைத் தின்பது இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. கலிபெக்கின் பெயர் பெற்ற வேடங்களில் கராபாயும் ஒன்றானது தற்செயல் இல்லை. கோயாந்தியில் அவர் எத்தனை மந்தைக்காரப் பணக்காரர்களைப் பார்த்திருப்பார்!

கோகோலின் "இன்ஸ்பெக்டர் ஜெனரல்" நாடகத்தில் நகரத் தலைவர் வேடமும் அவருடையது. லஞ்சம் வாங்கும் சிற்றூர் அதிகாரி, வழிப்போக்கன் ஒருவனை மேலிடத்து ஆய்வாளர் என்று நினைத்து நடுங்கும் கதை. ரஷ்ய நாடகம் என்றாலும் ஜார் அதிகாரியின் முன் கைகட்டி நின்ற தலைமுறைக்கு இதில் விளக்கம் சொல்ல எதுவும் இல்லை.

வசனத்தை எந்த எழுத்தில் படித்தார்கள்?

யாரும் அதிகம் கேட்காத கேள்வி, ஆனால் நல்ல கேள்வி. அரங்கு தொடங்கியபோது கஜாக் மொழி அரபு எழுத்தில் இருந்தது. 1929இல் லத்தீன். 1940இல் சிரிலிக். ஒரே நடிகர், ஒரே மொழி, பதினைந்து ஆண்டுக்குள் மூன்று எழுத்து. "எங்லிக்–கெபெக்" போன்ற ஒரு நாடகம் அரங்கில் நீடிக்க வேண்டுமானால் மூன்று முறை படியெடுக்க வேண்டும். காதால் வாங்கி நெஞ்சில் நிறுத்தும் பழக்கம் உள்ளவர்களுக்கு மட்டும் இது பெரிய பாதிப்பாக இருந்திருக்காது.

விருதுகள்?

கஜகஸ்தானின் மக்கள் கலைஞர். 1952இல் ஸ்டாலின் பரிசு. 1959இல் சோவியத் ஒன்றியத்தின் மக்கள் கலைஞர்.

அப்படியானால் அவரை அரசாங்கத்துக்குப் பிரசாரம் செய்த நடிகர் என்று சொல்லலாமா?

சொல்கிறார்கள். அரங்கு அரசுடையது. எந்த நாடகம் போடலாம் என்பதை அரசு முடிவு செய்தது. வர்க்கப் பகை, பழைய பணக்காரர்களின் கொடுமை, கூட்டுப் பண்ணையின் பெருமை எல்லாம் மேடையில் உண்டு. அதில் நடிக்காமல் யாரும் முப்பதாண்டு அந்த மேடையில் இருந்திருக்க முடியாது. இதை மறைக்க வேண்டியதில்லை.

ஆனால் இன்னொரு கணக்கும் இருக்கிறது. சந்தை மூடப்பட்டது, மந்தை போயிற்று, பஞ்சம் வந்தது, மக்களை இடம்பெயர்த்தார்கள், படித்தவர்களைக் கொன்றார்கள். கிராமத்தில் பேச்சும் பாட்டும் கேலியும் நடந்த இடங்கள் ஒவ்வொன்றாகக் காணாமல் போயின. அந்தக் குரல் ஏற்றத்தாழ்வு, பழமொழியை வீசும் விதம், பெரியவர் தொண்டையைச் செருமிக்கொண்டு பேசத் தொடங்கும் தோரணை, இதெல்லாம் தெரிந்த ஆட்களில் சிலர் மட்டும் மாதச் சம்பளத்தோடு ஒரு கட்டடத்துக்குள் பத்திரமாக இருந்தார்கள். அரசு அவர்களை வேறு எதற்கோ வைத்திருந்தது. அவர்கள் கையில் இருந்தது வேறொன்று. இரண்டையும் ஒரே தராசில் போட எனக்குத் தெரியவில்லை.

இன்று அவர் நினைவாக என்ன இருக்கிறது? அவர் நடிப்பைப் பார்க்க முடியுமா?

தலைநகர் அஸ்தானாவில் 1991இல் தொடங்கிய கஜாக் இசை நாடக அரங்குக்கு அவர் பெயர்தான். அல்மாத்தியில் அவர் பணியாற்றிய அரங்கு அவுயெஸோவ் பெயரோடு இன்னும் நடக்கிறது. கோயாந்தியில் பழையபடி புல்.

மேடை நடிப்பு அன்றைய இரவோடு போய்விடும், அதற்கு ஒன்றும் செய்ய முடியாது. மிச்சம் திரைப்படங்கள். "அமங்கெல்தி"யில் சின்னப் பங்கு. "அபாயின் பாடல்கள்" முழுக்க அவர்தான். மொழி புரியாவிட்டாலும் பரவாயில்லை. மற்றவர்கள் பேசும்போது அவர் முகத்தை மட்டும் பாருங்கள்.